அழகில்லாத விமானமே வேண்டும்

"மனத்துக்குப் பிடித்ததை வாங்கு, மற்றதெல்லாம் தானே வரும்" என்று ஓர் உபதேசம் இப்போது எங்கே பார்த்தாலும் கிளம்பியிருக்கிறது. வீணை வாங்கப் போகிறவனுக்கும் இதைத்தான் சொல்லுகிறார்கள்; காமிரா வாங்கப் போகிறவனுக்கும் இதைத்தான் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இனிமையான வாசகம். விற்கிறவனுக்கு லாபம், வாங்குகிறவனுக்குப் பெருமை. வீணை விஷயத்தில் இந்த உபதேசத்தால் அண்டை வீட்டாரின் காதுகளைத் தவிர வேறு எதற்கும் சேதமில்லை. ஆகையால் நானும் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ரேடியோவினால் ஆட்டிவைக்கப்படும் டர்பைன் ஜெட் மாதிரி விமானத்தை முதன்முதலாக வாங்குகிறவனுக்கும் இதே உபதேசம் வழங்கப்படுகிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமாகத் தோன்றவில்லை. "எந்த விமானத்தைக் கண்டால் உன் நெஞ்சு துடிக்கிறதோ அதையே முதல் ஜெட்டாக வாங்கு" என்கிறார்கள். நான் நேர் எதிரிடையாகச் சொல்லுகிறேன். எந்த விமானத்தைக் கண்டு உன் நெஞ்சு சற்றும் துடிக்கவில்லையோ, எதைப் பார்த்தால் "இதுவும் ஒரு விமானமா?" என்று கேட்கத் தோன்றுகிறதோ, அதுதான் உன் முதல் ஜெட்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் தமக்கையின் மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டில் 3 மாதம் தங்கியிருந்தேன். ஆறு வருஷமாக மின்சார மோட்டார் வைத்த மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டுத் தேர்ந்தவன். இப்போது ஜெட் வாங்க வேண்டும் என்று தீர்மானித்து, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியை நகர்த்திவிட்டுப் படங்களைப் பரப்பி வைத்திருந்தான். அந்த 3 மாதமும் அவனோடு வாதாடியதிலும், அவனோடு போய் மைதானத்தில் நின்றதிலும் எனக்குக் கிடைத்த ஞானத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். "பொம்மை" என்ற சொல் அது. டர்பைன் என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெரிய ஜெட் விமானத்தில் என்ன நடக்கிறதோ அதுவேதான் இந்தச் சின்ன இயந்திரத்திலும் நடக்கிறது. முன்பக்கம் ஒரு சக்கரம் காற்றை உறிஞ்சி அமுக்குகிறது. நடுவில் அந்தக் காற்றோடு மண்ணெண்ணெய் கலந்து எரிகிறது. எரிந்த அனல் பின்பக்கம் பீறிட்டுப் போகும்போது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் கோத்தவை. ஆகவே அனல் வெளியேற வெளியேறக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். சுமார் 10 கிலோ விசையோடு தள்ளக்கூடிய இயந்திரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். முழு வேகத்தில் அதன் அச்சு நிமிஷத்துக்குச் சுமார் 1,50,000 தடவை சுற்றுகிறது. அதாவது, நீங்கள் ஒரு முறை கண்ணைச் சிமிட்டுவதற்குள் பல நூறு சுற்று. வெளியே வரும் வாயுவின் உஷ்ணம் 600 டிகிரியைத் தொடும்.

இதெல்லாம் நேற்று வரை விளையாட்டுக்காரர்களுக்கு எட்டாத சமாசாரம். 1983ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஒரு சிறு கோஷ்டியார் டர்பைன் பொருத்திய மாதிரி விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில் கூர்ட் ஷ்ரெக்லிங் என்பவர், ஒட்டுப்பலகையைச் செதுக்கி, கார்பன் நூலைச் சுற்றி, காற்றை அமுக்கும் சக்கரத்தை வீட்டிலேயே செய்து காட்டினார். செய்யும் முறையைப் புத்தகமாகவும் எழுதினார். மரத்தில் ஜெட் இயந்திரச் சக்கரம்! அந்த மனிதருக்கு ஒரு பெரிய நமஸ்காரம். ஒவ்வொரு சுற்றின் அருமையும் தெரிந்து ஏறியவர்கள் அவர்கள். இன்றோ, பணம் கட்டினால் பெட்டியில் வந்து இறங்குகிறது. இயந்திரம், விமானம், மற்றச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 5,000 டாலருக்கு மேல் ஆகும். பெட்டியைத் திறந்தவனுக்கு, சக்கரத்தைச் செதுக்கியவனுடைய பொறுமை பெட்டியோடு வருவதில்லை. விபரீதத்தின் மூலம் இங்கே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள மாதிரி ஜெட் மணிக்கு சுமார் 290 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறிய மோட்டார் சைக்கிள், மொத்தம் 200 கிலோ, மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் என்ன பலமோ அதே பலம் இதற்கும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குச் சாலை இருக்கிறது. இதற்கு எந்தத் திசையும் சாலைதான். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். இதை ஓட்டுகிறவன் தரையில் பத்திரமாக நிற்கிறான். உயிர்ப் பயம் என்ற ஆசிரியர் இங்கே வகுப்புக்கு வருவதேயில்லை. வயிற்றில் 2, 3 லிட்டர் மண்ணெண்ணெய் வேறு. இதற்கா பொம்மை என்று பெயர்?

என் மருமகன் விரும்பியது மிக்-21. பையன் தாம்பரத்தில் வளர்ந்தவன். அங்கே விமானப் படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்கும் பள்ளி இருக்கிறது. கிரண் என்ற பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். ஆனால் மனம் பறிகொடுத்தது என்னவோ காலண்டர் படத்தில் இருந்த மிக்-21 சண்டை விமானத்திடம். மனித சுபாவம் அப்படி. தினம் பார்ப்பதிடம் மரியாதை. படத்தில் பார்ப்பதிடம் காதல்.

"மாமா, ஆசையில்லாத விமானத்தை எத்தனை நாள் சகித்துக்கொண்டு பறக்கவிட முடியும்? ஆசை இருந்தால்தானே ஜாக்கிரதையும் இருக்கும்?" என்று கேட்டான்.

எதிர்க்கட்சியின் வாதங்களில் இதுதான் கெட்டிக்கார வாதம். ஆகையால் இதற்கு முதலில் பதில் சொல்லுகிறேன். ஆசை ஜாக்கிரதையைத் தருவது மேஜையின்மேல்தான். பசை தடவும்போதும் வர்ணம் பூசும்போதும் ஆசை பெரிய துணை, நான் மறுக்கவில்லை. ஆனால் விமானம் ஆகாயத்தில் இருக்கும்போது ஆசை கையை நடுங்க வைக்கிறது. காதலியைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கற்றுக்கொள்ளப் போனவன் எவனாவது விழாமல் வந்தது உண்டா? எழுத்துலகிலும் பார்க்கிறேன். முதல் முயற்சியாகவே ஐந்து பாகத்தில் சரித்திர நவீனம் எழுத உட்காருகிற இளைஞர்கள் மாதம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்கள் தோற்றால் காகிதம் நஷ்டம். காகிதம் யார் தலையிலும் தீப்பிடித்துக்கொண்டு விழுவதில்லை.

இரண்டாவது வாதம், அனுபவ வாதம். "மின்சார விசிறி வைத்த ஜெட்டுகளை நூறு தடவை பறக்கவிட்டிருக்கிறேன். டர்பைனில் மட்டும் என்ன புதிதாக இருக்கப்போகிறது?" புதிதாக மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மின்சார விசிறி, குச்சியைத் தள்ளியவுடன் சீறும். டர்பைன் அப்படிச் சீறாது. ஓய்வு நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர அதற்குச் சில விநாடிகள் வேண்டும். இறங்கும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் என்றால், அந்தத் தாமதம் 4 விநாடி ஆனாலும் சுமார் 80 மீட்டர் கடந்துபோய்விடும். ஓடுபாதை எட்டாது என்று கண்ட பிறகு வேகம் கேட்டால், கேட்ட வேகம் விமானம் வேலியில் முட்டிய பிறகு வந்து சேரும்! இரண்டாவது, விசிறியை நிறுத்தினால் நின்றுவிடும். டர்பைன் ஓய்வு நிலையிலும் சற்றே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். வழவழப்பான சண்டை விமானம் அந்தச் சிறு தள்ளலிலேயே இறங்க மாட்டேன் என்று ஓடுபாதை முழுவதும் மிதக்கும். மூன்றாவது, எடை. பேட்டரியின் எடை மாறுவதில்லை. மண்ணெண்ணெயோ எரிய எரியக் குறைகிறது. கிளம்பியவுடன் ஏதோ கோளாறு என்று திரும்பி வந்தால், கற்றுக்கொண்ட எடையோடு அல்ல, 2 கிலோ அதிக எடையோடு இறங்க வேண்டும்.

மூன்றாவது வாதம் இந்தக் காலத்து வாதம். "கைரோ இருக்கிறது, அதுவே சமாளித்துக்கொள்ளும்." கைரோ நல்ல கருவி. காற்று மோதி விமானம் ஆடினால் ஆட்டத்தை அடக்கும். ஆனால் போதுமான வேகம் இல்லாத இறக்கைக்குக் கைரோ வேகத்தைக் கடன் கொடுக்காது. வேகம் குறைந்துவிட்டதென்று விமானம் உடம்பை ஆட்டி எச்சரிப்பது வழக்கம். அந்த ஆட்டத்தையும் கைரோ அடக்கிவிடுகிறது. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, பசி தீர்ந்தது என்று சொல்லுவதைப் போலத்தான்.

சண்டை விமானத்தின் மேல் எனக்கு விரோதம் ஏன்? அதன் அழகே அதன் குற்றம் என்பதனால்தான். இறக்கை சின்னது, மெல்லியது, பின்னோக்கி வளைந்தது அல்லது முக்கோணமானது. எடை முழுவதும் அந்தக் கொஞ்சம் பரப்பின்மேல் உட்காருகிறது. ஆகையால் மெதுவாகப் போக அதனால் இயலாது. பின்னோக்கி வளைந்த இறக்கை, வேகம் குறைந்தால் நுனியிலிருந்து செத்துக்கொண்டு வரும், மூக்கு தூக்கும், ஒரு பக்கம் சட்டென்று சாயும். அசலில் சக்கரங்களை உடம்புக்கு அடியில் நெருக்கமாக வைத்திருந்தால் மாதிரியிலும் அப்படியே. கொஞ்சம் கோணலாக இறங்கினால் குடை சாயும். நிறமோ, ஆகாயத்தில் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே பூசிய சாம்பல் வர்ணம்! எதிரிக்குத் தெரியக் கூடாது என்று பூசியதை, ஓட்டுகிறவனுக்கே தெரியாமல் இருக்கும்படி நாம் பூசிக்கொள்ளுகிறோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பொருள் 3 விநாடியில் 250 மீட்டர் போய்விடும். அந்தத் தூரத்தில் அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று புரியாமல் விழிப்பதற்கு 3 விநாடி தாராளமாகப் போதும்.

இனி, நான் சிபாரிசு செய்கிற அழகிலியைப் பாருங்கள். தடித்து அகன்ற நேர் இறக்கை. அகலக் கால் வைத்து நிற்கும் சக்கரங்கள். மேலே ஒரு வர்ணம், கீழே கண்ணைப் பறிக்கும் வேறு வர்ணம். இந்த ஜாதியில் பலவற்றுக்கு டர்பைனை உடம்புக்குள் ஒளிக்காமல் முதுகின்மேலேயே கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் உருவான பூமராங் என்ற குடும்பம் இதில் பேர்போனது. பார்த்தால், மூட்டை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஆசாமியைப் போல இருக்கும். ஆனால் அனல் உடம்புக்குள் புகுவதில்லை. கோளாறு என்றால் கையை விட்டுப் பார்க்கலாம். இறங்கும்போது பின்புற மடிப்பலகைகளைத் தாழ்த்தினால் சொன்ன பேச்சுக் கேட்டு வேகம் குறைகிறது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்து இயந்திரம் அணைந்துபோனாலும் — இது நேரக்கூடிய சங்கதி — கல்லைப் போல விழாமல் மிதந்து வந்து இறங்கச் சந்தர்ப்பம் கொடுக்கிறது. மன்னிக்கத் தெரிந்த விமானம். மனிதர்களிலேயே அந்தக் குணம் அபூர்வமாயிருக்க, விமானத்தில் கிடைத்தால் விடலாமா?

ஒரு சனிக்கிழமை மைதானத்தில் இரண்டையும் அருகருகே பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர், ஒட்டுப் போட்ட பயிற்சி ஜெட் ஒன்றை வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவன் கையில் ஒரு ரேடியோ, அவர் கையில் ஒன்று. மாணவன் தடுமாறினால் ஒரு விசையை விட்டவுடன் விமானம் அவர் வசமாகிவிடும். அன்று வேறொருவர் புத்தம் புதிய சண்டை விமானம் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கிழவரின் விமானத்தை ஒருவரும் எடுக்கவில்லை. புதியது அற்புதமாகக் கிளம்பியது. இறங்க வந்தபோது மெதுவாக வந்தது, இன்னும் மெதுவாக வந்தது, மூக்கைத் தூக்கியது. "வேகம்! வேகம்!" என்று கிழவர் கத்தினார். குச்சியைத் தள்ளியிருப்பார், இயந்திரம் யோசித்து முடிப்பதற்குள் இடது இறக்கை சாய்ந்து, ஓடுபாதைக்கு அப்பால் காய்ந்த புல்லில் விழுந்தது. குப்பென்று தீ. நான்கு பேர் தீயணைக்கும் சிலிண்டர்களோடு ஓடினார்கள். நல்ல வேளை, அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கோட்டுக்குப் பின்னால் எங்களோடு நின்றுகொண்டிருந்த இரண்டு குழந்தைகளை அவர்களுடைய தாய் ஒன்றும் பேசாமல் அழைத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தாள். அந்த மௌனத்துக்கு "பிடித்ததை வாங்கு" கட்சியார் என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?

"என் பணம், போனால் எனக்குத்தானே நஷ்டம்?" என்பது அவர்களுடைய கடைசி வாதம். பணம் உன்னுடையதுதான், ஐயா, புல் உன்னுடையதல்ல, குழந்தைகளும் உன்னுடையவர்கள் அல்ல. அமெரிக்காவிலுள்ள மாதிரி விமானக் கழகம், டர்பைன் விடுகிறவர் தமக்குக் கை தேர்ந்திருக்கிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றும், மணிக்கு 200 மைல் வேகத்துக்கு மேற்படக் கூடாது என்றும், தீயணைக்கும் சாதனம் கைவசம் இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. சுதந்திரப் பிரியர்களான அமெரிக்கர்களே இவ்வளவு விதிக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

இதை என் மருமகனிடம் சொன்னபோது அவன் மிக்-21 படத்தை மடிக்கவில்லை. பிறகு அந்த விமானத்தின் கதையையே எடுத்துச் சொன்னேன். நம் நாட்டு விமானப் படையில் மிக்-21 சேர்ந்தது 1963ல். தரை தொட வரும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். கிரணில் கற்றுத் தேறிய இளைஞர்கள் நேரே மிக்-21ல் போய் உட்கார வேண்டியிருந்தது. இடையில் ஒரு படி இல்லை. உயர்நிலைப் பயிற்சி ஜெட் ஒன்று அவசியம் வேண்டும் என்று லா ஃபான்டெய்ன் தலைமையிலான குழு 1982ல் சொல்லிற்று. 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004ல். அவை படையில் சேர்ந்தது 2008ல். ஒரு படிக்கட்டு வைக்க 26 ஆண்டு! இதற்கிடையே என்ன நடந்தது? வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் அழிந்தன என்றும், 171 விமானிகளும் 39 பொதுமக்களும் மாண்டார்கள் என்றும் 2012ஆம் ஆண்டு ராஜ்ய சபையில் பாதுகாப்பு மந்திரி கணக்குச் சொன்னார். இத்தனைக்கும் பயிற்சி விமானம் இல்லாததே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரக் கோளாறும் உண்டு, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நடுப்படி இல்லாத ஏணியில் ஏறச் சொன்னது அந்தக் காரணங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியுமா? மிக்-21 கடைசியாக விடைபெற்றது 2025 செப்டம்பரில். அந்த இளைஞர்களுக்கு வேறு வழி இல்லை, கொடுத்ததில் ஏறினார்கள். கையில் பணமும், கடையில் நல்ல பயிற்சி ஜெட்டும் இருக்கும்போது, அந்த ஏணியின் நடுப்படியை நாமே பிடுங்கி எறிவதற்குப் பெயர் ஆசையா?

மருமகன் வெகு நேரம் பேசவில்லை. "மிக் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா, மாமா?" என்று கேட்டான். தாராளமாக என்றேன். சுவரில் இருக்கிற வரையில் அதைவிடச் சாதுவான விமானம் கிடையாது.

ஆகவே, முதல் ஜெட் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் சொல்லுகிறேன். விமானத்துக்கு முன்னால் ஆசிரியரைத் தேடுங்கள். அவர் எந்தப் பயிற்சி ஜெட்டைப் பறக்கவிடுகிறாரோ அதையே, கூடுமானால் கணக்கு வழக்கோடு வைத்திருந்த பழையதையே, வாங்குங்கள். விமானத்தின் எடைக்கு மேற்பட்ட விசையுள்ள இயந்திரம் வேண்டாம். உற்பத்தியாளர் சொன்ன மணிக் கணக்குப்படி அதைச் சுத்தம் பார்க்க அனுப்புங்கள். இயந்திரம் அணைந்தாலும் ஓடுபாதைக்குக் கொண்டுவர முடியும் என்று ஆசிரியர் சொல்லுகிற வரையில் சண்டை விமானத்தின் பெட்டியைத் திறக்காதீர்கள்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று நம் பாட்டிமார்கள் சிரித்தார்கள். அவன் தனியாகப் போவதாயிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போகப் பார்க்கிறானே, அதுதான் எனக்குச் சம்மதமில்லை.